கறிக்கு ஒரு கை பீன்ஸ்

சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுக்குள் கொத்தமல்லி வாசம் வரும். வாசம் மட்டும்தான் வரும். பேரிகைப் பக்கத்துத் தோட்டங்களில் பிடுங்கிய மல்லிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் எங்கள் வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போகும். அங்கிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போகும். நான் அந்நேரம் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருப்பேன். அதில் கிள்ளிப் போட ஒரு காம்பு மல்லித்தழை வீட்டில் இருக்காது. வந்த புதிதில் இதை நினைத்துச் சிரித்தேன். பிறகு டெம்போ சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டேன்.

ஊரில் இருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் கிராமம். அங்கிருந்து என் சித்தி போன் போட்டால் முதலில் சொல்வது, "ஒனக்கென்னட்டி கொறை, ஓசூர்லல்லா இருக்க, பெங்களூருக்குப் பக்கத்துல" என்பதுதான். அவளுக்கு ஓசூர் என்றால் கம்பெனி, சம்பளம், கண்ணாடி வைத்த கடைகள். நான் இருப்பது ஓசூர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. சூளகிரியிலிருந்து பேரிகை போகிற சாலையில், யாரோ விற்ற கொள்ளுக்காட்டை மனை பிரித்து, கல் நட்டு, லேஅவுட் என்று பலகை வைத்திருக்கிறார்கள். மனைகளில் யாரும் வீடு கட்டவில்லை. ஓரத்தில் வாடகைக்கென்று வரிசையாகச் சில அறைகளைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதை லைன் வீடு என்பார்கள். அதில் ஒன்றில் நானும் அப்பாவும். மற்றவற்றில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், ஷிப்டுக்கு ஒரு முகமாக. சுற்றிலும் தோட்டங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ், மல்லி. வாங்கித் தின்ன ஒரு காய்கறிக் கடை கிடையாது.

வெளிநாட்டுக்கு விமானம் ஏறிப் போனவர்கள்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. கனடாவில் இருப்பவர்கள் முருங்கைக்காய்க்கு ஏங்குவதை எழுதினால் படித்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். மாநில எல்லையைக்கூடத் தாண்டாமல், முருங்கைக்காயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஏங்குகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. இதே நெடுஞ்சாலை ஓரத்து லைன் வீடுகளில் மதுரையும் நாகப்பட்டினமும் தென்காசியும் தருமபுரியும் குடியிருக்கின்றன. அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கைப்பேசிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. முதலில் கம்பெனி ஹாஸ்டலில்தான் இருந்தேன். எனக்குக் கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா ஊரில் தனியாகக் கிடந்தார். சர்க்கரை வியாதி. கண்ணிலும் புரை விழுந்து, கடலுக்குப் போவது நின்றுவிட்டது. ஹாஸ்டலில் அப்பாவை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஓசூருக்குள் வாடகை எனக்குக் கட்டாது. ஆகவே கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடமாகப் பார்த்து இந்த லைன் வீட்டைப் பிடித்து அவரைக் கூட்டிவந்தேன். கடல் இல்லாத ஊரில் அப்பா வாழ்ந்தது அதுதான் முதல் தடவை.

வந்த முதல் நாள் அவர் கேட்டது, "ஏட்டி, இங்க கடை எங்க இருக்கு?" சாலை வளைகிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட், சீனி, மசாலாப் பொடி, ஷாம்பு, சில நாள் முட்டை. சூளகிரி போனால்தான் காய். டவுன் பஸ் காலையில் ஒன்று வரும், மற்றபடி வந்தால் உண்டு. கம்பெனி பஸ் தினமும் சூளகிரிக் கடைத்தெருவைத் தாண்டித்தான் போகிறது. ஜன்னல் வழியாகக் கத்தரிக்காயின் நிறம் வரை தெரியும். ஆனால் குறித்த நிறுத்தங்களில் தவிர வேறெங்கும் பஸ் நிற்காது. ஒருநாள் டிரைவரிடம் கெஞ்சினேன். "உள்ள கேமரா வெச்சிருக்கறாங்க மா. நடுவுல நிறுத்துனா நாளைக்கு நான் வண்டி ஓட்ட முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாரம் ஒருநாள் விடுமுறையில் போய் மூட்டையாக வாங்கிவருவேன். வீட்டில் குளிர்பெட்டி இல்லை. வாரத்தின் நடுவிலேயே கீரை கறுத்து, தக்காளி நீர் விட்டுவிடும். பிறகு ஊறுகாய், அப்பளம், முட்டை. அரிசிக்குக் குறையில்லை, ரேஷனில் கிடைத்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்குத்தான் வழியில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கு டாக்டர் சொன்னதோ அரிசியைக் குறைத்து, காயைக் கூட்டச் சொல்லி.

மீனுக்கு அப்பா ஒருமுறை தனியாகவே பஸ் ஏறிப் பேரிகைச் சந்தைக்குப் போனார். சாளை இருக்கிறதா, நெத்திலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மீன்காரம்மா கன்னடத்திலும் தமிழிலுமாக ஏதோ சொல்லி, அணையில் பிடித்த பெரிய மீன் ஒன்றைத் துண்டு போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மோந்து பார்த்தார். "சேத்து நாத்தம். இத மீனுன்னு சொல்லுதாவ. சொல்லட்டும், அவியளுக்குக் கடலா இருக்கு" என்றார். ஆனாலும் கழுவி, புளி கூட்டிக் குழம்பு வைத்தேன், தின்றார். அன்றைக்கு அவர் முகம் தெளிவாக இருந்தது. ஒரு ஊரில் சாமான் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டால் அந்த ஊர் பாதி வசப்பட்ட மாதிரி என்பது அவர் எண்ணம். திரும்பி வரும்போது கண் தெரியாமல் பஸ் மாறி ஏறி வேறெங்கோ இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தார். அதனால் இனிமேல் தனியாகப் போகக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். சரி என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடல்புறத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரைவலை இழுக்கும்போது வலைக்காரர்கள் மட்டும் இழுப்பதில்லை. அந்தப் பக்கம் போகிறவர், வேலை இல்லாமல் நிற்கிறவர், வயசானவர், யாரானாலும் கயிற்றில் கை வைத்து வலிக்கலாம்; இழுப்பதை வலிப்பது என்போம். யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள். வலை கரையேறி மீனைக் கொட்டியதும், வலித்தவர் குனிந்து கறிக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போவார். அதைக் கேட்டு வாங்குவது கிடையாது. கேட்டால் அது பிச்சை. வலித்துவிட்டு எடுத்தால் அது பங்கு. எங்கள் ஊரில் மனைவியை இழந்தவரும் பிள்ளை கைவிட்டவரும் மானத்தோடு சோறு தின்றது இப்படித்தான். அப்பாவும் கடலுக்குப் போவது நின்ற பிறகு இப்படித்தான் காலம் தள்ளினார்.

லைன் வீட்டுக்குப் பின்னால் முனியப்பாவின் பீன்ஸ் தோட்டம். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், எங்களோடு தமிழ். அவர் மனைவி ரத்னம்மா எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள், அந்த வகையில் பழக்கம். முனியப்பாவை நான் வண்டியில் போகும்போது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த வருடம் தக்காளிக்கு விலை ஏறிக் கிடந்தபோது அவருடைய தக்காளித் தோட்டத்தில் யாரோ புகுந்து பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து வெளியூர் ஆட்கள் என்றாலே அவருக்கு ஒரு கண் அந்தப் பக்கம் இருக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பீன்ஸ் பறித்த அன்று எனக்கு வேலை. ரத்னம்மாவும் அப்போது அங்கே இல்லை; பறித்த பெண்களிடம் கேட்டு அவள் பின்னால் சொல்லித்தான் நடந்ததைக் கோத்துக்கொண்டேன். பறிக்கிற பெண்கள் வந்து பறித்து, பிளாஸ்டிக் கிரேட்டுகளில் நிரப்பியிருக்கிறார்கள். டெம்போ வந்து நின்றிருக்கிறது. அப்பா பின்வாசல் வழியாக நடந்து போய், ஒரு வார்த்தை பேசாமல், கிரேட்டைத் தூக்கி வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். டிரைவர் அவரைத் தோட்டத்து ஆள் என்று நினைத்தான். முனியப்பா டிரைவரோடு வந்த ஆள் என்று நினைத்தார். அப்பா கடைசி கிரேட் வரை ஏற்றினார். பிறகு அந்தக் கடைசி கிரேட்டில் இரண்டு கையையும் விட்டு ஒரு அள்ளு பீன்ஸ் எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடியில் முடிந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

முனியப்பா கூப்பிட்டிருக்கிறார். அப்பா திரும்பிச் சிரித்து, "கறிக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் அது குழம்புக்கு என்று அர்த்தம், இங்கே கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. முனியப்பாவுக்கு என்ன விளங்கியிருக்கும். விளங்கியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவர் ஓடிவந்து மடியைப் பிடித்து இழுத்தார். சாரம் அவிழ்ந்து கையோடு வந்துவிட்டது. பறிக்கிற பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா உள்ளாடையோடு நின்றார், காலைச் சுற்றிப் பீன்ஸ் கிடந்தது. யாரோ "தொங்கா" என்றார்களாம். தெலுங்கில் திருடன். அப்பாவுக்குத் தெலுங்கு தெரியாது, ஆனால் அந்த இடத்தில் அந்த வார்த்தைக்கு யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அடிக்கவில்லை. ஒருவன் வீடியோ எடுத்து, லைன் வீட்டுக்காரர் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டான், உஷாராக இருக்கச் சொல்லி. கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்டு முடிந்து வெளியே எடுத்தபோது என் அப்பாவை நான் அதில் பார்த்தேன்.

நேரே முனியப்பா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "தெரியாது மா. எங்கெங்கிருந்தோ வர்றாங்க, போறாங்க. யாரு எவருன்னு நாங்க எப்டி பாக்கறது? இவரு பக்கத்து வூடுன்னு எனக்குத் தெர்ல" என்றார். நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அது கடலு மா. கடலுக்கு யாரு உரம் வெக்கறாங்க, மருந்து அடிக்கறாங்க? இது நான் கடன் வாங்கி வெச்சது" என்றார். கோபத்தோடு திரும்பி நடக்கப் போனேன். ரத்னம்மா உள்ளே போய் ஒரு பை நிறையப் பீன்ஸைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். முனியப்பா குழுவில் போட்ட வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்த பிறகு.

அந்தப் பையை அப்பா தொடவில்லை. "வலிச்சேன், எடுத்தேன். களவாங்கல" என்றார். கிரேட்டைத் தூக்கியதைத்தான் வலிச்சேன் என்கிறார். "அவியளே குடுத்துவிட்டாவ அப்பா" என்றேன். "குடுத்தா? குடுத்தா வாங்குறதுக்கு நான் என்ன கையேந்தவா வந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதோடு அந்த மண்ணில் விளைந்த காய் எதையும் அவர் வாயில் வைக்கவில்லை. சூளகிரியில் காசு கொடுத்து வாங்கினது என்று சொன்னாலும் தட்டில் ஒதுக்கிவைத்தார். அங்கே விற்பதும் இங்கே விளைந்ததுதானே என்பார். மெய்தான்.

பின்வாசலைத் திறப்பதையே விட்டுவிட்டார். நான் காலையில் சோறாக்கி மூடி வைத்துவிட்டுப் போவேன். வந்து பார்த்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். தின்றாரா என்றால் தின்றேன் என்பார். லைன் வீட்டைச் சுற்றித் திரிந்த நாய் நாளுக்கு நாள் கொழுத்தது. புரிந்தபோது சத்தம் போட்டேன், அழுதேன், மீனுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன். ஓசூரிலிருந்து மீன் கொண்டுவர எனக்கு விடுமுறை வர வேண்டும். அது வந்த வாரம் கொண்டுவந்தேன், வராத வாரம் இல்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒருவேளைகூடத் தவறாமல் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னதல்லவா. சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும் என்று அதே டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டார். சர்க்கரை ஏறினால்தான் ஆபத்து என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இறங்கினாலும் ஆள் போவார் என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் ரத்னம்மா தண்ணீர் பிடிக்க வந்தபோது குழாயடியில் அப்பா விழுந்து கிடந்தார். வேர்த்து, உடம்பு சில்லிட்டிருந்தது. அவளும் முனியப்பாவும்தான் தூக்கி, காய் ஏற்றும் டெம்போவிலேயே படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். போகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது. விழுவதற்கு முன் இரண்டு ஸ்பூன் சீனி கரைத்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். எங்கள் பெட்டிக்கடையில் என்றும் தீராமல் இருந்த சாமான் அது.

உடலை ஊருக்குக் கொண்டுபோனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் கடல்மணலில் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். சர்க்கரையில் போய்விட்டார் என்று சித்தி எல்லோரிடமும் சொன்னாள். நான் திருத்தவில்லை. பட்டினியில் போனார் என்று எப்படிச் சொல்வது? வேலைக்குப் போகிற மகளோடு, நாலு பக்கமும் காய் விளைகிற ஊரில் இருந்தவர். அந்த வீடியோவைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கரையில் அவர் தலைநிமிர்ந்து நடந்தவர், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முப்பதாம் நாளுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் இறந்தவர் பேரில் அன்று பூசை கொடுத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அசனம் வைப்பார்கள். இறந்தவர் விரும்பித் தின்றதைச் சமைத்து, உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். அவர்கள் வயிறு நிறைந்தால் போனவரின் ஆன்மா குளிரும். பூசையைச் சித்தி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அசனத்தை நான் இங்கே வைப்பது என்று முடிவு செய்தேன், அடுத்து வந்த விடுமுறையில்; சித்தி பூசையையும் அந்த நாளுக்கே வைத்துக்கொண்டாள். ஓசூர் போய் ஐஸ் பெட்டியில் வந்த சாளை வாங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். நல்லதாயிற்று, பையை அந்த இடத்தில் வைத்தேன். தேங்காய் அரைத்துக் குழம்பு, பொரித்த மீன், சோறு. அக்கம்பக்கம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒடிசாப் பையன்கள் வந்து, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, கும்பிட்டுப் போனார்கள். யார் செத்ததற்கு என்று அவர்களில் புதியவனுக்குத் தெரியாது. பிறகு முனியப்பாவையும் ரத்னம்மாவையும் கூப்பிட்டேன். கூப்பிடும் முன்னால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

வந்தார்கள். முனியப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பாயில் உட்கார்ந்தார்கள், இலை போட்டுப் பரிமாறினேன். முள் எடுக்கத் தெரியாமல் அவர் தடுமாறியதைப் பார்த்து, மீனின் நடு எலும்பை எப்படி உருவுவது என்று காட்டிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் சாப்பிட்டவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"அன்னிக்கு அவரு ஒரு வார்த்த கேட்ருந்தா குடுத்துருப்போம் மா. ஒரு பொட்டியே குடுத்துருப்பேன். கேக்கலியே."

மனசாரத்தான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது, அதனால்தான் தாங்க முடியவில்லை. "எங்கப்பா கேக்க மாட்டாங்க" என்றேன். ரத்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது சித்தி போன் போட்டாள். பூசை நல்லபடியாக முடிந்ததாம். கல்லறையில் சிலுவை நட்டாயிற்றாம், கரையே திரண்டு வந்து ஜெபம் சொன்னதாம். "அங்க அசனத்துக்கு யாருட்டி வந்தா?" என்று கேட்டாள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்றேன். "நல்ல மனுசங்களாட்டி?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊரில் அவருக்காக ஜெபம் சொன்ன ஒருவருக்கும் அவர் எப்படிச் செத்தார் என்று தெரியாது. தெரிந்தவர்கள் என் பாயில் உட்கார்ந்து அவர் பேரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதும் என்று ரத்னம்மா இலைக்கு மேல் கையை மறித்தாள். முனியப்பா இலையைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி, இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டார். அவர்கள் ஊரில் கேட்பதில் வெட்கமில்லை. ஊற்றினேன்.